கையால் போட்ட இருபத்துநாலு ஏ

பட்டறையில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். வயதில் சின்னவர்கள் ‘ஸ்கேல் அக்கா’ என்பார்கள். பெயர் வைத்தவர் அவளுடைய மாமா, அதாவது கூடப்பிறந்த அக்காவின் கணவர். அவர் அதே பட்டறையில் மூத்த வயர்மேன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கதவில் ஒட்டியிருந்த பெயர்ப்பட்டை ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, அதைப் பிய்த்து மறுபடி ஒட்ட வைத்தாள். “இவ கண்ணுக்குள்ளயே ஸ்கேல் வெச்சுப் பொறந்திருக்காப்பா” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தே இருந்தது.

அங்கே செய்வது மின்சாரப் பேனல்கள். பம்போ, சாமான் நகர்த்துகிற கன்வேயரோ, துணி துவைக்கிற பெரிய யந்திரமோ, எதுவானாலும் அதை ஓட்டவும் நிறுத்தவும் ஓர் இரும்பு அலமாரி வேண்டும். அதற்குள் மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைக்கிற ரிலேக்களும் சுவிட்சுகளும் கட்டுக்கட்டாகக் கம்பிகளும் இருக்கும். கீழ்க்கூடத்தில் வயர்மேன்கள் கம்பி கட்டுவார்கள். மாடியில், கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் அவள் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைபடம் போடுவாள்.

அவள் வைத்திருந்தது வெறுமனே கோடு போடுகிற மென்பொருள் அல்ல. ஒவ்வொரு சாமானுக்கும் அதில் ஒரு சின்னம் உண்டு. சுவிட்சின் சின்னத்தைக் கொண்டுபோய் ஒரு கோட்டின் மேல் வைத்தால், அது கோட்டை அந்த இடத்தில் வெட்டி, இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் வேறொரு கம்பி என்று தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் எல்லாக் கம்பிக்கும் வரிசையாக எண் விழும். எந்த எண் எங்கிருந்து எங்கே போகிறது என்று பட்டியலும் அச்சாகும். வயர்மேன்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கம்பி இழுப்பார்கள். கம்பியின் நுனியில் அந்த எண்ணுள்ள பிளாஸ்டிக் வளையத்தைக் கையால் கோத்து மாட்டுவார்கள். ஒரே எண் உள்ளவை எல்லாம் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

மென்பொருளோடு வந்த சின்னங்கள் அவளுக்குப் போதவில்லை. பட்டறை வாங்குகிற சாமான்களுக்கு ஏற்றபடி தானே நிறையச் செய்து சேர்த்து வைத்திருந்தாள். கீழே உள்ளவர்கள் அவற்றை ‘பொம்மை’ என்பார்கள். “அக்கா புதுசா ஒரு பொம்மை பெத்திருக்காங்க” என்று கேலி பண்ணுவார்கள். கல்யாணம் ஆகாதவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று வேறொருத்தி முறைத்திருப்பாள். இவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். தன் பொம்மைகளைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஓர் ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் யந்திரத்துக்குப் பேனல் கேட்டு ஆர்டர் வந்தது. ஆளே உள்ளே நின்று குளிக்கிற அளவுக்குப் பெரிய உருளை. அது சுற்றும்போது யாராவது கதவைத் திறந்தால் உடனே நின்றுவிட வேண்டும். அதற்கென்று பூட்டோடு கூடிய ஒரு புது மாதிரி சுவிட்சு. அதற்கு அவளிடம் பொம்மை இல்லை. மறுநாளே படம் வேண்டும் என்று முதலாளி மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். அவள் பழைய சின்னம் ஒன்றைப் பிரித்துப்போட்டு, ஒரு பெட்டி வரைந்து, பெட்டிக்குள் வெள்ளை நிரப்பி, மேலே ஒரு பூட்டுப் படம் போட்டுப் புதுச் சின்னமாகச் சேமித்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. கோட்டின் மேல் வைத்தாள். எண் போடச் சொன்னாள். பெட்டிக்கு இடப்பக்கம் 24 என்று விழுந்தது. வலப்பக்கம் ஒன்றுமே விழவில்லை.

மறுபடி அழுத்தினாள். விழவில்லை. “இந்தச் சனியனுக்கு இதே வேலை” என்று மென்பொருளைத் திட்டினாள். பிறகு, வெறும் எழுத்து எழுதுகிற கருவியை எடுத்து, மற்ற எண்களின் அதே உயரத்தில், அதே நிறத்தில், வலப்பக்கம் 24A என்று தானே தட்டி வைத்தாள். படம் முழுமையாகத் தெரிந்தது. அச்செடுத்துக் கீழே அனுப்பினாள். இரண்டு நாளில் அதை மறந்தும் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பரிசோதகர் பேனலைச் சரிபார்க்க வந்தார். சட்டைப் பையில் நாலு பேனாக்கள் வைத்திருந்தவர். பேனலோடு ஒரு மோட்டாரையும் அந்தப் புதுச் சுவிட்சையும் இணைத்து ஓடவிட்டிருந்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் கதவு திறப்பதுபோல் சுவிட்சின் நாக்கை வெளியே இழுத்தார். மோட்டார் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்ப உள்ளே தள்ளி, திரும்ப இழுத்தார். சுற்றிக்கொண்டே இருந்தது.

“நிக்கலையே” என்றார்.

முதலாளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. “யாரு கட்டினது?” என்று கத்தினார். மாமா முன்னால் வந்தார். மாடியிலிருந்து அவளும் படத்தோடு இறங்கி வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். சுவிட்சுக்குப் போகிற கம்பி, சுவிட்சிலிருந்து திரும்புகிற கம்பி, ரிலேக்குப் போகிற கம்பி, மூன்றிலும் 24 என்ற வளையம். மூன்றும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

“24A எங்க மாமா?” என்றாள்.

“எது?”

“சுவிட்சுக்கு இந்தப் பக்கம் 24, தாண்டினா 24A. படத்துல இருக்கு பாருங்க. நீங்க எல்லாத்தையும் 24ல போட்டு முடிஞ்சுட்டீங்க. சுவிட்சு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

மாமா படத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “லிஸ்டுல 24னுதான் பார்த்த ஞாபகம்...”

“லிஸ்டு என்ன வானத்துல இருந்தா வருது? படத்துல இருந்துதானே வருது. இதுல இருக்கறதுதான் அதுலயும் இருக்கும்.” கம்பி கட்டி முடித்ததும் பட்டியல் கந்தலாகிக் குப்பைக்குப் போய்விடும். வேண்டுமென்றால் இன்னொன்று எடுத்துப் பார்த்திருக்கலாம். மாடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்துகிற நேரம்தான். அவள் போகவில்லை. “‘ஏ’ உங்க கண்ணுல படல. கண்ணாடி போட்டுட்டுக் கட்டுங்க மாமா” என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். ஐம்பது தாண்டிய மாமாவுக்குக் கொஞ்ச நாளாகவே கிட்டத்தில் இருப்பதைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற பழக்கம் வந்திருந்தது. அதை வெளிக்காட்டாமல் மறைத்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

மாமா பேனலின் முன்னால் உட்கார்ந்தார். கம்பிகளைப் பிரித்து, புது வளையம் மாட்டி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்தார். மோட்டார் நின்றது. பரிசோதகர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “இந்த மாதிரி வேலைக்குக் கண்ணு தெரிஞ்ச ஆளா வைங்க சார்” என்றார். முதலாளி “கண்டிப்பா சார், கண்டிப்பா” என்று இரண்டு தரம் சொன்னார்.

அவள் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியறையில். சாப்பாடு கீழே, எல்லோரோடும். அன்று சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “உன் படத்தைப் போய்க் கெடுத்துட்டேன்ம்மா. வெளியாள் முன்னாடி உனக்கும் தலைகுனிவு.”

“விடுங்க மாமா. மனுஷன்னா தப்பு வர்றதுதான்” என்றாள் அவள். பெரிய மனதோடு பேசுகிறோம் என்று அவளுக்கே ஒரு திருப்தி.

மாமா கண் டாக்டரிடம் போனார். வயசுக்கு உள்ள குறைதான், லேசானது என்று டாக்டர் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஆனால் மாமா முதலாளியிடம் தானே போய், இனிமேல் சின்ன எழுத்து வேலை வேண்டாம், பேனலை மரப்பெட்டியில் அடைத்து அனுப்புகிற கொட்டகையில் என்னைப் போடுங்கள் என்று கேட்டார். முதலாளி மறுக்கவில்லை. கம்பி கட்டிய கையில் சுத்தியல் வந்தது. “இங்க எல்லாம் பெரிய பெரிய ஆணி. கண்ணை மூடிட்டு அடிக்கலாம்” என்று சிரிப்பாகச் சொல்லித் திரிந்தார்.

பரிசோதகர் வருவதற்கு முன்பே அதே படத்தை வைத்து ஒரு ஓட்டலுக்கும் பேனல் போயிருந்தது. அதைக் கட்டியவன் ‘ஒல்லி’ என்று கூப்பிடப்படுகிற வயர்மேன். ஓட்டல்காரர்கள் பரிசோதகர் யாரையும் அனுப்பவில்லை. கதவு சுவிட்சை அங்கேயே போய்ப் பொருத்திக்கொண்டார்கள். யந்திரம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். நிற்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு யந்திரம் வாங்கினார்கள். பழைய படத்திலேயே ஒரு விளக்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவள் மேலே இரண்டு கோடுகளைச் சேர்த்து, எல்லா எண்ணையும் புதிதாகப் போடச் சொன்னாள். எண்கள் வரிசையாக நகர்ந்தன. 24 இருந்த இடத்தில் 27 வந்தது. பெட்டிக்கு வலப்பக்கம் மட்டும் 24A அப்படியே நின்றது.

எண் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் நினைத்தாள். எண்களை எல்லாம் அழிக்கச் சொன்னாள். எல்லாம் போயின. அது போகவில்லை. அதன் மேல் சொடுக்கினாள். மற்ற எண்களைத் தொட்டால், எந்தக் கம்பி, என்ன நிறம், எங்கிருந்து எங்கே என்று ஒரு ஜாதகமே விரியும். இதைத் தொட்டதும் வந்தது ஒரே ஒரு சொல்: எழுத்து.

அப்போதுதான் அவளுக்குத் தன் விரல்கள் அதைத் தட்டியது நினைவுக்கு வந்தது. மென்பொருளைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது.

பெட்டிச் சின்னத்தைப் பிடித்து மெல்ல ஒரு பக்கம் நகர்த்தினாள். அடியில் கோடு அறுபடாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை நிரப்பிய பெட்டி அதை மறைத்து வைத்திருந்தது. சின்னத்தைத் திறந்து பார்த்தாள். கம்பி வந்து தொட வேண்டிய இரண்டு முனைப்புள்ளிகளும் கோட்டை விட்டு மயிரிழை விலகி இருந்தன. பழைய சின்னத்தைப் பிரித்துப்போட்டபோது நகர்ந்திருக்கின்றன. புள்ளி கோட்டில் படாவிட்டால் மென்பொருள் கோட்டை வெட்டாது. அதைப் பொறுத்தவரை அங்கே சுவிட்சே இல்லை. இடமும் வலமும் ஒரே கம்பி. ஒரே எண்.

பழைய படத்தைத் திறந்து, அன்று எடுத்துப் பார்க்காத பட்டியலை இன்று எடுத்தாள். 24, 24, 24. ‘ஏ’ என்று ஓர் எழுத்து எங்கேயும் இல்லை. குறை மாமாவின் கண்ணில் இல்லை. இருந்ததை இருந்தபடி படித்திருக்கிறார்.

அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல் அந்தப் பக்கத்தைக் குறுக்கிவிட்டு வேறு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பெட்டிக் கொட்டகை தெரிந்தது. மாமா வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டு பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

புள்ளிகளைக் கோட்டில் கொண்டுவந்து வைத்து, சின்னத்தைச் சேமித்து, மறுபடி எண் போட்டாள். இடப்பக்கம் 27, வலப்பக்கம் 28. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அதன்பின் அவள் யோசித்தது எல்லாம் பின்னாளில் அவளை அதிகம் கூசவைத்தது. யாருக்கும் தெரியாமல் இதை மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. புதுப் படம் சரியாகிவிட்டது. முதல் பேனல் அன்றே மாமா கையால் சரியாகிவிட்டது. மாமாவும் பெட்டி வேலையில் சந்தோஷமாகத்தானே இருக்கிறார். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வரும்போதுதான் ஓட்டல் ஞாபகம் வந்தது. அங்கே கதவைத் திறந்தால் உருளை நிற்காது. அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலாளியிடம் போய், “அந்த ஓட்டல் பேனலை ஒருதடவை சும்மா செக் பண்ணிட்டு வந்துடலாம் சார். புது மாதிரி சுவிட்சு, அதான்” என்றாள். உண்மையை அவளால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

“நல்லதுதான். ஆனா வயர்மேன் எல்லாம் வேலையில இருக்காங்க. நாளன்னிக்கு உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போ. ஒரு கம்பி மாத்தறதுக்கு அவர் போதும்” என்றார் முதலாளி.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வண்டியில் போகும்போது மாமா குஷியாக இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய பையை எடுத்து வந்திருந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி உங்கக்கா என்னை அழகன்னு நினைச்சா. இப்பக் கண்ணாடி போட்டதும் படிச்சவன்னு நினைக்கறா. ரெண்டும் பொய்யி” என்றார். அவள் சிரித்தாள். அவர் இன்னும் ஏதேதோ சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

ஓட்டலின் பின்பக்கத்தில் சலவைக் கூடம். ஈர வெப்பமும் சோப்பு நெடியும் முகத்தில் அடித்தன. வெள்ளை விரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு மூத்தவள் ஒருத்தி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“கதவு சுவிட்சு சரியா வேலை செய்யுதான்னு பார்க்க வந்தோம்” என்றாள் ஸ்கேல்.

“எங்க செய்யுது? திறந்தா நிக்காதும்மா. அது அப்படித்தான்” என்றாள் மூத்தவள் சாவதானமாக. “பட்டனை அமுக்கி நிறுத்திட்டு, சுத்தி ஓயறவரைக்கும் தள்ளி நிக்கணும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம், கையை நீட்டாதீங்கன்னு. நாங்க பழகிட்டோம்.”

“யாருக்காவது ஏதாவது...”

“ஒருத்திக்கு மட்டும் சட்டைக் கை மாட்டி இழுத்துச்சு. நல்லவேளை, பழைய சட்டை. கிழிஞ்சு விட்டுருச்சு.” அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். “மிஷினைச் செஞ்சவங்களே இப்படித்தான் வெச்சிருப்பாங்கன்னு நினைச்சோம். படிச்சவங்க செஞ்சது, நாம என்ன கேக்கறதுன்னு விட்டுட்டோம்.”

மாமா பேனலைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இங்கயும் மூணும் 24தான்ம்மா” என்றார் ஆச்சரியமாக. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடப்பாவமே, ஒல்லிப் பயலுக்கும் கண்ணு போச்சா? வரட்டும், அவனையும் பெட்டி அடிக்கக் கூட்டிக்கறேன்.”

“மாமா” என்றாள். “யாருக்கும் கண்ணு போகல மாமா.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“லிஸ்டுலயே 24தான். உங்களுக்கும் 24தான். அந்த ‘ஏ’யை நான்தான் கையால அடிச்சேன். படத்துல மட்டும்தான் இருந்துச்சு. என் பொம்மை தப்பு. நீங்க சரியாத்தான் கட்டினீங்க.”

உருளை ஒன்று சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு பேனலின் பக்கம் திரும்பி வேலையைப் பார்த்தார். கம்பியைப் பிரித்தார். பையிலிருந்து வளையங்களை எடுத்து, 2, 4, A என்று ஒவ்வொன்றாகக் கோத்தார். வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார். முடித்ததும் அந்த மூத்த பெண்ணைக் கூப்பிட்டு, உருளையை ஓடவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். அவள் பயந்து, தள்ளி நின்று, ஒரு குச்சியால் கதவைத் தள்ளினாள். உருளை நின்றது. “அட!” என்றாள். மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒருத்தி மாமாவுக்குக் கும்பிடு போட்டாள். ஸ்கேலுக்கும் போட்டாள். ஸ்கேல் அதை வாங்கிக்கொள்ள முடியாமல் பையின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

வண்டிக்குத் திரும்பும்போது மாமா கேட்டார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“முந்தாநாள்.”

“அப்ப வண்டியில வரும்போதே தெரியும்.”

“தெரியும் மாமா.”

“நான் பேசினதுக்கெல்லாம் சிரிச்சிட்டு வந்தியே.”

அவள் நடந்துபோய் வண்டியில் ஏறினாள். அவரும் ஏறினார். பட்டறையில் இறங்கும்போது, “எங்கிட்ட சொன்னது போதாது. நீ அன்னிக்கு எங்கிட்ட மட்டுமா சொன்னே?” என்றார்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஓட்டலில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி மூச்சு வந்தது. “சரி பண்ணியாச்சுல்ல? அப்புறம் என்னத்துக்கும்மா ஊரைக் கூட்டணும்? வெளிய தெரிஞ்சா ஆர்டர் போயிடும்.”

“அன்னிக்கு ஊரைக் கூட்டித்தான் சார் சொன்னேன்.”

டீ நேரத்தில் கீழே இறங்கினாள். வயர்மேன்கள் டம்ளர்களோடு அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். மாமா அங்கே இல்லை. கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்டது. அவள் சின்னத்தில் புள்ளி எப்படி விலகியது, கோடு ஏன் வெட்டுப்படவில்லை என்று ஆரம்பித்தாள். கொஞ்சம் சொல்வதற்குள், தான் அந்தப் பெரிய பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. நிறுத்தினாள். வேறு மாதிரிச் சொன்னாள்.

“தப்பு என்னோடது. மாமா லிஸ்டைச் சரியாத்தான் படிச்சாரு. நான் லிஸ்டை எடுத்துப் பார்க்காமயே அவரைச் சொல்லிட்டேன். கண்ணைப் பத்தியும் சொல்லிட்டேன்.”

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தார்கள். ஒல்லி மட்டும், “அப்ப நானும் சரியாத்தான் படிச்சேனா அக்கா?” என்றான்.

“ஆமாப்பா.”

“நல்லவேளை. கண் டாக்டர் செலவு மிச்சம்” என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சுத்தியல் சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. அது மறுபடி ஆரம்பித்தபோதுதான் நின்றிருந்தது தெரிந்தது.

அன்று வீட்டில் அக்கா அவளுடைய தட்டைக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டைப் பாத்திரத்தில் போட்டுக் கையில் கொடுத்து, “மேல கொண்டு போய்ச் சாப்பிடு” என்றாள். அப்படியே சில நாள் நடந்தது. ஒரு காலையில் அவள் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தபோது அக்கா அடக்கமாட்டாமல் வெடித்தாள்.

“அந்த மனுஷன் என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு உனக்குத் தெரியுமாடி? காலையில எழுந்ததும் மாத்திரை அட்டையை எடுத்து வெச்சுட்டு, பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிப்பாரு. படிச்சுட்டு எங்கிட்ட நீட்டி, ‘இதானே போட்டிருக்கு, இதானே போட்டிருக்கு’ன்னு கேப்பாரு. எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா நம்பமாட்டாரு. நான் பொய் சொல்றேன்னு நினைச்சாருடி. என் தங்கச்சி சொன்னா தப்பா இருக்காதுன்னு நானும்தானே நினைச்சேன்.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மன்னிப்பு என்கிற சொல் அந்தச் சமையலறையில் ரொம்பச் சின்னதாக இருந்தது. அதைச் சொல்லவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

அவள் தான் செய்த பொம்மைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தாள். இன்னும் சிலவற்றில் இதே கோளாறு இருந்தது. நல்லவேளையாக அவை எந்தப் படத்திலும் ஏறியிருக்கவில்லை. கையால் எண் எழுதுவதை விட்டாள். படத்தோடு பட்டியலையும் தானே ஒப்பிட்டுப் பார்க்காமல் கீழே அனுப்புவதில்லை. கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே பார்ப்பதும் குறைந்துபோனது.

முதலாளி மாமாவை மறுபடி வயரிங்குக்கு வரச் சொன்னார். மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் போய்க் கேட்டபோது, “உம்மேல இப்பக் கோபம் இல்லம்மா. எம்மேலதான் சந்தேகம். தப்பு உன்னோடதுன்னு தெரிஞ்சப்புறமும் அது போக மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்றே?” என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உடம்புக்கு வந்த ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார்.

மழை தொடங்கிப் பெட்டி வேலை குறைந்த ஒரு நாளில் அவராகவே கீழ்க்கூடத்துக்கு வந்து ஒரு பேனலின் முன்னால் உட்கார்ந்தார். அன்றிலிருந்து பாதி நாள் பெட்டி, பாதி நாள் கம்பி. ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணைப் படித்துவிட்டு, பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவார். மற்றவர்களுக்கு அவரவர் வேலை. ஒருநாள் அவரே மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். அவள் இறங்கி வந்து பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அதன்பின் அவர் வயரிங்கில் உட்காருகிற நாளெல்லாம் அவள் கொஞ்ச நேரமாவது வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது.

“முப்பத்தொண்ணா?” என்பார்.

“ஆமா மாமா. முப்பத்தொண்ணு.”

“முப்பத்திரெண்டு?”

“ஆமா மாமா.”

அவர் ஒருமுறைகூடத் தவறாகப் படித்ததில்லை. வளையத்தை மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். அவர் கேட்பதற்காக அவள் காத்திருப்பாள்.